ஒரு மணிக்கு மூடிய வானம்

விசாரணை அறையில் என்னிடம் பல கேள்விகள் கேட்டார்கள். முக்கியமானது ஒன்றுதான். "ஏரியா ஒரு மணிக்கு ஆக்டிவ் ஆகிறது என்று, இருக்கையை ஒப்படைக்கும்போது அவரிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன்" என்றேன்.

அதைச் சொன்னபோது அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அந்த ஒரு வார்த்தையால் என் வேலை எனக்குத் தங்கியது. என் பக்கத்து இருக்கையில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த வேலை போயிற்று.

நான் ஹைதராபாத் விமான நிலையத்தில் ஏர் டிராஃபிக் கண்ட்ரோலர். என் நாத்தனார் முதல்முறை இதைக் கேட்டபோது, "அப்படின்னா பிளேனுக்குக் கொடி காட்டற வேலையா?" என்றாள். ரயிலுக்கு கார்டு கொடி காட்டுவது போல என்று அவளே முடிவு செய்து, ஊரெல்லாம் அப்படியே சொல்லியும் விட்டாள். நான் திருத்தவில்லை. இந்த வேலையை விளக்க ஆரம்பித்தால் கேட்பவர்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. எங்கள் அறையில் ராடார் கிடையாது என்று சொன்னால் இன்னும் பயம். விமானி ரேடியோவில் சொல்லும் தூரம், உயரம், நேரம், இவைதான் எங்களுக்குக் கண். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதச் சீட்டு. அதில் எழுதி எழுதி, இரண்டு சீட்டுகள் ஒரே நேரத்தில் ஒரே உயரத்தில் ஒரே இடத்துக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்கு வடமேற்கே விமானப்படை மாணவர்கள் பறக்கப் பழகும் ஓர் இடம் உண்டு. எங்கள் வரைபடத்தில் அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். ஏரியா என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அங்கே பறப்பு நடந்தால் ஏரியா ஆக்டிவ். அப்போது பயணிகள் விமானத்தை வட்டத்தின் விளிம்புக்கு வெளியே, விதி சொல்லும் தூரம் தள்ளிக் கொண்டுவர வேண்டும்; இல்லாவிட்டால் வட்டத்தின் உச்சிக்கு மேலே, விதி சொல்லும் உயரம் விட்டுக் கடத்த வேண்டும். உள்ளே எத்தனை சின்ன விமானங்கள் சுற்றுகின்றன, எங்கே சுற்றுகின்றன என்று நமக்குத் தெரியாது. வட்டம் முழுவதையும் ஒரே பெரிய விமானம் என்று நினைத்துக்கொள், அதன் பக்கத்தில் போகாதே என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் பறப்பை நிறுத்தியதும் தொலைபேசியில் ரிலீஸ் கொடுப்பார்கள். பிறகு அதே வட்டத்தின் நடுவே நேராக விமானத்தை இறக்கலாம். எட்டு பத்து நிமிடம் மிச்சம்.

இதற்கு நேர்மாறாக, எங்கள் கட்டுப்பாட்டு எல்லைக்கு வெளியே அட்வைஸரி என்று சில பாதைகள் உண்டு. அங்கே நாங்கள் உத்தரவு போட முடியாது. "இந்த உயரத்தில் போவது நல்லது" என்று யோசனை சொல்லலாம். விமானி கேட்டாலும் கேட்பார், கேட்காமலும் போவார். என்ன முடிவு என்று நமக்குத் தெரிவித்தால் போதும். அந்தப் பாதைகள் எனக்குப் பிடிக்காது. யோசனை சொல்லிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருக்கும் அரை நிமிடத்தில் எனக்குள், சொன்னது சரிதானா, வேறு மாதிரி சொல்லியிருக்கலாமா என்று ஓடும். வட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, அவ்வளவுதான். என்னைப் போன்றவளுக்கு அது ஆறுதல். சிவப்புத் தகடு ஒன்று பலகையில் தொங்கினால் மூடியிருக்கிறது. தகடு ஓரத்து ஆணிக்குப் போய்விட்டால் திறந்திருக்கிறது. நான் தப்புச் செய்தால் அட்வைஸரிப் பாதையில்தான் செய்வேன் என்று நினைத்திருந்தேன்.

மூன்று மாதப் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது என் மகள் புட்டிப்பாலைத் தொடவில்லை. நாலு விதமான ரப்பர் வாங்கிப் பார்த்தோம். வாயில் வைத்ததும் நாக்கால் தள்ளிவிட்டு, என்னவோ மோசடி நடக்கிற மாதிரி என்னைப் பார்ப்பாள். கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தோம். பகல் ஷிப்டில் நான் இருக்கும் நாட்களில் ஆயா அவளை மதியம் ரிக்‌ஷாவில் கொண்டுவருவாள். கேட் காவலாளி மேலே போன் செய்வார். நான் இறங்கிப் போய், காற்றின் திசை காட்டும் துணிப் பைகளை மடித்து அடுக்கியிருக்கும் கீழ்த்தளத்து ஸ்டோர் அறையில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு வருவேன். இருபது நிமிடம். ஆரஞ்சும் வெள்ளையுமான அந்தத் துணிக் குவியல்மேல் சாய்ந்துகொள்ள வசதியாகத்தான் இருக்கும்.

அந்த இருபது நிமிடம் என் இருக்கையைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து இருக்கை சீனியர். தமிழர். அவருடைய அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தவர். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். வீட்டில் ஆற்காட்டுப் பக்கத் தமிழ், தெருவில் தக்கனி, பள்ளியில் தெலுங்கு. எல்லாம் ஒன்றாகக் கலந்து பேசுவார்; வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'. முதல் நாள் நான் தயங்கிக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

"ஏம்மா, குழந்தை கீழே கத்துது. நீ மேலே நின்னு மேனுவல்ல ரூல் தேடறியா?"

"டேக் ஓவர் கையெழுத்து சார்..."

"கையெழுத்து நக்கோ. கையெழுத்துப் போட்டா நீ எங்க போனேன்னு எழுதணும். எழுதினா மேலே இருக்கற பெரியவர் கேப்பார். கேட்டா நீ அழுவே. நீ அழுதா எனக்குச் சோறு இறங்காது. போம்மா."

இருக்கை கைமாறினால் பதிவேட்டில் நேரம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நாங்கள் போடவில்லை. நான் வேலையில் சேர்ந்த வாரத்தில், பெண்களை எடுத்தால் இனிமேல் லீவு விண்ணப்பம்தான் அதிகம் வரும் என்று ஒருவர் டீ குடித்துக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் குழந்தைக்காக ஒரு தாள் எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. விதியைத் தவறாமல் பின்பற்றுகிறவள் என்று எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் விதியை மீறினேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அந்த நாள் மழைக்காலத் தொடக்கம். வானம் காலையிலேயே அழுக்குத் துணி மாதிரி இருந்தது. ஏரியா காலைப் பறப்பு முடிந்து ரிலீஸ் ஆகியிருந்தது. மீண்டும் மூன்று மணிக்கு ஆக்டிவ் ஆகும் என்று பதிவேட்டில் இருந்தது. தகடு ஓரத்து ஆணியில் தொங்கியது. மணி பன்னிரண்டு நாற்பதுக்கு விமானப்படைப் பக்கத்திலிருந்து போன் வந்தது. இளம் குரல். சாயங்காலம் மழை வந்துவிடும் போலிருக்கிறது, அதனால் மூன்றுக்குப் பதில் ஒரு மணிக்கே தொடங்குகிறோம் என்றார். "ஒரு மணி முதல் ஆக்டிவ்" என்று திருப்பிச் சொன்னேன். எங்கள் போன்கள் எல்லாம் டேப்பில் பதிவாகும். என் குரல் அதில் தெளிவாக இருக்கிறது. பிறகு என்னிடம் போட்டும் காட்டினார்கள். அறைக்குள் நாங்கள் ஒருவரோடொருவர் பேசுவது மட்டும் எதிலும் பதிவாகாது.

பதிவேட்டில் எழுதப் பேனாவை எடுத்தேன். அதற்குள் ஒரு விமானி கூப்பிட்டார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே கிறுக்கல் தாளில் 1 என்று எழுதிச் சுற்றிக் கோடு போட்டேன். உடனே கேட்டிலிருந்து போன். "மேடம், ஆயா ஆகயீ. பேபி பஹுத் ரோ ரஹீ ஹை." ஆயா வந்துவிட்டாள், குழந்தை ரொம்ப அழுகிறது.

சீனியர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். நான் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். வருகிறவை இரண்டு, கிளம்பப் போகிறது ஒன்று. அவர் தலையாட்டினார். இதுவரை எனக்கு நிச்சயம். இதற்குப் பிறகு "சார், ஏரியா ஒரு மணிக்கு" என்று சொன்னதாக எனக்கு ஒரு நினைவு இருக்கிறது. அவர் "ஹவ், ஹவ், நீ போ" என்றதாகவும் இருக்கிறது. ஆனால் அவர் தினமும்தான் "ஹவ், ஹவ், நீ போ" என்பார். ஏரியாவைப் பற்றித் தினமும்தான் ஏதாவது ஒரு நேரம் சொல்லிவிட்டுப் போவேன். எந்த நாளின் குரலை இந்த நாளில் ஒட்டவைத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. படியிறங்கும்போது, சொன்னோமா என்று ஒரு கணம் நின்றேன். இந்தச் சந்தேகம் எனக்குப் புதிதல்ல. கேஸை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். எப்போது திரும்பிப் போய்ப் பார்த்தாலும் கேஸ் அணைந்துதான் இருக்கும். அன்று திரும்பவில்லை. கீழே அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அவளுக்கு மூக்கடைப்பு. இரண்டு வாய் குடிப்பாள், மூச்சு முட்டி விடுவாள், அழுவாள். ஆயா முந்தானை நுனியைத் திரித்து மூக்கைத் துடைத்துவிட்டு, "தொந்தர ஏமி அம்மா, தாகனீ" என்றாள். என்ன அவசரம், குடிக்கட்டும். இருபது நிமிடம் முப்பத்தைந்து ஆயிற்று.

மேலே போனபோது மணி ஒன்று இருபது. அவர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் வேலையில் யாரும் நின்றுகொண்டு பேச மாட்டார்கள். ரேடியோவில் ஒரு விமானியின் குரல், கோபத்தை அடக்கிக்கொண்டு, தான் வலப்பக்கம் திரும்பி உயரம் ஏறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நடந்தது இதுதான். வடமேற்கிலிருந்து வந்த பயணிகள் விமானத்துக்கு வட்டத்தின் நடுவே நேராக இறங்கச் சீனியர் அனுமதி கொடுத்திருக்கிறார். தகடு ஓரத்தில் இருந்தது. பதிவேட்டில் மூன்று மணி என்றுதான் இருந்தது. மேகத்தை விட்டு வெளியே வந்த விமானிக்கு இடப்பக்கம் இரண்டு சின்ன விமானங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. கண்ணில் பட்டதால் திரும்பினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பத்து நிமிடத்தில் அந்த விமானம் இறங்கியது. ஜனங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் பேரம் பேசப் போனார்கள். கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தேன். ஒரு பெண்மணி இடுப்பில் குழந்தையோடு இறங்கினாள். அதற்கு மேல் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

சீனியர் போய்ச் சிவப்புத் தகட்டை எடுத்துப் பலகையில் மாட்டினார். பிறகு பதிவேட்டை இழுத்து, தான் இருக்கையில் உட்கார்ந்த நேரத்தை, பன்னிரண்டு நாற்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், இப்ப எதுக்கு..."

"உக்காந்தது நான்தானே? உண்மையைத்தானே எழுதறேன்."

அப்போது நான் கேட்டிருக்கலாம். நான் உங்களிடம் சொன்னேனா சார் என்று நாலு சொல். அவருக்கும் எனக்கும் நினைவு சூடாக இருந்த நேரம். கேட்கவில்லை. பதில் என்ன வரும் என்று பயந்தேன்.

நான்கு நாள் கழித்து விசாரணை. அதற்கு முந்தின நாள் நிலையத்தின் பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சீனியருடைய வாக்குமூலம் வந்துவிட்டது என்றார். "நீங்கள் சொன்னீர்களாம். தான்தான் மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறார்."

வீட்டில் இதைச் சொன்னேன். என் கணவர் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். எதையும் இரண்டு நிமிடத்தில் முடிவு செய்கிறவர்.

"அவரே எழுதிக் குடுத்துட்டார்ல? அப்புறம் உனக்கு என்ன?"

"நான் சொன்னேனான்னு எனக்கே தெரியலையே."

"தெரியலைன்னா சொல்லலைன்னும் தெரியலைதானே? நல்லா யோசி. தெரியலைன்னு சொன்னேன்னா ரெண்டு பேருக்கும் ரேட்டிங் போகும். உன்னைத் தூக்கி எங்கயாவது மூலைல போடுவாங்க. பாப்பாவை யார் பாத்துப்பா, நானா? எனக்குத் தாலாட்டுகூடத் தெரியாது."

"நீங்க பேசாம இருந்தாலே அவ தூங்கிடுவா."

சிரித்துவிட்டோம். அந்த நேரத்தில் எப்படிச் சிரித்தோம் என்று இப்போது தோன்றுகிறது. ரேட்டிங் என்பது இந்த இருக்கையில் உட்கார்ந்து விமானங்களை நடத்தும் தகுதி. அது வாங்க நான் இரண்டு வருடம் படித்திருந்தேன். சீனியரோ அதை இருபது வருடத்துக்கு மேல் வைத்திருந்தார். அவர் மகள் பத்தாம் வகுப்பு என்பதும், சொந்த வீடு மல்காஜ்கிரியில் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் மறுநாள் அந்த அறைக்குள் போனேன். தெரிந்துதான் "சொன்னேன்" என்றேன். கேட்டவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது என்று ஒரு டிக் போட்டுக்கொண்டார்.

சீனியருடைய ரேட்டிங் ரத்து. வேறு ஊரில் ஒரு சிறிய நிலையத்தில் அறிவிப்புகளைத் தொகுக்கும் மேஜைக்கு மாற்றல். எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை: இருக்கையை விட்டுப் போனால் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தாளை என்னிடம் கொடுக்கும்போது பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தால், மதியத்துக்கு ஒரு ஆளைக் கூடுதலாகப் போட்டிருப்பேனே. ஏன் எழுதவில்லை?" அவரைப் பற்றி ஒரு வருடமாக நானாகவே ஒரு பயத்தைக் கட்டி வைத்திருந்தேன்.

சீனியர் மாற்றலான ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மகளைத் தூக்கிக்கொண்டு மல்காஜ்கிரிக்குப் போனேன். ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெரு. கூடத்தில் ஒரு டிரங்குப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டிய ஒரு படுக்கை. ஒரே ஆளுக்கான சாமான். மனைவியும் மகளும் இங்கேயே இருக்கப் போகிறார்கள் என்று அதைப் பார்த்ததுமே புரிந்தது.

அவர் மனைவி என் மகளை வாங்கிக்கொண்டார். கையில் ஒரு பிஸ்கட் கொடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இவருக்கு ஞாபக மறதின்னு ஆபீஸ்ல எழுதிட்டாங்களாமே. எனக்கு ஒரே ஆச்சரியம். நிச்சயதார்த்தத்தன்னிக்கு எங்க சித்தப்பா என்ன கலர் சட்டை போட்டிருந்தார்னு கேளும்மா, இப்பவும் சொல்லுவார்."

"சும்மா இரு" என்றார் அவர்.

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? பச்சைக் கோடு போட்ட சட்டை. அதைக்கூடச் சொல்லக் கூடாதா?"

அவர் சிரித்தார். டீ வந்தது. ரயில் ஒன்று போகும்வரை யாரும் பேச முடியவில்லை. சத்தம் அடங்கியதும், விசாரணைக்கு முந்தின நாலு நாளில் கேட்டிருக்க வேண்டியதை, ஒன்றரை மாதம் கழித்துக் கேட்டேன்.

"சார், அன்னிக்கு நான் நெஜமா உங்ககிட்டச் சொன்னேனா?"

டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கும் ஞாபகம் இல்லம்மா."

"அப்புறம் ஏன் சார் சொன்னேன்னு எழுதினீங்க?"

"உனக்காக எழுதினேன்னு நெனச்சுட்டியா? தியாகம் கியாகம்லாம் நக்கோ. சேர்ல உக்காரறவன் கேக்கணும். ஏரியா என்னாச்சுன்னு ஒரு வார்த்தை. நீ சொன்னாலும் சொல்லாட்டாலும் கேக்கறது என் வேலை. நான் கேக்கலை. அது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உன் குழந்தை கத்தற சத்தம் ஜன்னல்ல கேட்டுது, உன்னை விரட்டினா போதும்னு இருந்தேன். அப்புறம் நீ சொல்லலைன்னு நான் எப்படி எழுத முடியும்? தெரியாததை எழுதி உன் தலையில போடறதா? என் தலையில போட்டுக்கிட்டேன். அது என்னுது, நான் போட்டுக்கலாம்." பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார். "நீ என்ன சொன்னே, உள்ளே?"

என் வாக்குமூலம் அவருக்குக் காட்டப்படவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"சொன்னேன்னு சொன்னேன், சார்."

அவர் முகம் மாறியது. வருத்தம் இல்லை. கணக்கில் விடுபட்ட எண் கிடைத்தவர் போல மெதுவாகத் தலையாட்டினார். "ஹவ். அப்ப நீ சொல்லித்தான் இருப்பே. நீ தெரியாம சொல்ற ஆள் இல்லை." பிறகு தனக்குள் பேசுவது போல, "நான்தான் விட்டுட்டேன் போல" என்றார்.

அவர் மனைவி என் மகளை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். அதுவரை அந்தக் குரலில் இருந்த குத்தல் போய்விட்டது. "அப்போ நெஜமாவே மறந்துதான் போனீங்களா?" என்றார்.

"ஆமா போலிருக்கு."

எனக்கும் தெரியாது சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. அவர் எனக்கு உண்மையைச் சொல்லி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தெரியாமல் இருந்தவர்கள் இரண்டு பேர். அவர் ஒன்று எழுதினார், நான் ஒன்று சொன்னேன் என்று அந்த அம்மாளுக்காவது சொல்லியிருக்கலாம். நான் டீயைக் குடித்து முடித்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். குழந்தையை வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாப் வரை அவர் கூடவே வந்தார். செகந்திராபாத் பஸ் வருகிறதா என்று எனக்காக எட்டி எட்டிப் பார்த்தார். வந்ததும் கண்டக்டரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லி, கைக்குழந்தைக்காரிக்கு என்று ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார்.

அவர் போய்ப் பத்து மாதம் ஆகிறது. நான் சொன்னதை மறந்துவிட்டவர் என்று தன்னை நம்பிக்கொண்டு, தெரியாத ஊரில் தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் செய்த தவறு அதுதானா என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதை அவர் என்னிடம் சொன்னார். நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.